கிழட்டுப் பூனை, நொண்டும் கால், நுரையீரல் கட்டி: விவரம் சேர்க்கும் இழை

கல்பாத்திக்கரை

ஒரே கேள்வி வேறு வேறு உருவில் வந்துகொண்டே இருக்கிறது. "பூனைக்குப் பதிமூணு வயசு, முன்னங்கால் விரல் வீங்கியிருக்கு, ஆன்டிபயாடிக் போட்டும் அடங்கல." "நல்லாத்தான் சாப்பிடுது, ஆனா எலும்பா போச்சு." "ராத்திரி மூச்சு வாங்குது, ஆஸ்துமான்னு ஊசி போட்டாங்க." மூன்றுக்கும் பின்னால் நுரையீரல் புற்று இருக்க வாய்ப்பு உண்டு என்பதால் எல்லாவற்றையும் இங்கேயே திரட்டுவோம். பாலக்காடு, சித்தூர், வாளையார், பொள்ளாச்சி என்று கேரளம், தமிழ்நாடு இரண்டு பக்கத்து ஆட்களும் இருப்பதால் எந்தப் பரிசோதனைக்கு எங்கே போவது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

முதலில் அடிப்படை. நுரையீரலிலேயே தொடங்கும் புற்று பூனைக்கு அபூர்வம். வந்தால் பெரும்பாலும் பத்து வயதுக்கு மேல், சராசரியாகப் பன்னிரண்டு பதின்மூன்றில். மிகுதியும் அடினோகார்சினோமா (சுரப்பிச் செல்லில் தோன்றும் புற்று) வகை. செதில்செல் புற்றும் உண்டு. வேறு இடத்தில் தோன்றி நுரையீரலுக்குப் பரவும் புற்றுதான் இதைவிட அதிகம். கருத்தடை செய்யாத பெண் பூனை என்றால் முதலில் மடிக்காம்பு வரிசையைத் தடவிப் பாருங்கள். பட்டாணி அளவு முடிச்சாக இருந்தாலும் விடக்கூடாது. பூனையின் மடிக் கட்டிகளில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேல் கெட்டவை.

நாய் போல இருமும் என்று காத்திருந்தால் காலம் போய்விடும். இருமாமலேயே இந்த நோய் முற்றிப்போன பூனைகள் நிறைய. மூச்சு வேகம், எடை, சோர்வு, நொண்டல் இவைதான் முதலில் தெரிகிறவை. வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில் தற்செயலாகக் கண்ணில் படுவதும் உண்டு.

பொள்ளாச்சி பூனைக்காரி

மூச்சை எப்படி எண்ணுவது என்று சொல்லிவிடுங்கள் அண்ணா. ஆளுக்கொரு மாதிரி எண்ணுகிறார்கள்.

கல்பாத்திக்கரை

தூங்கும்போது எண்ண வேண்டும். நெஞ்சு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒன்று. முப்பது வினாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். முப்பதுக்குக் கீழே இருந்தால் சரி. தூக்கத்தில் தொடர்ந்து முப்பதுக்கு மேல் போனால் டாக்டரிடம் காட்டுங்கள். நாற்பதைத் தாண்டினால் அன்றைக்கே. குறுகுறுவென்று உறுமிக்கொண்டிருக்கும்போது எண்ணினால் கணக்குத் தப்பும். கனவில் மீசையும் காலும் துடிக்கிற நேரத்திலும் எண்ண வேண்டாம். வாயைத் திறந்து மூச்சு விட்டால் எண்ணிக்கொண்டு உட்காராதீர்கள், கிளம்புங்கள். மார்ச், ஏப்ரலில் இந்தப் பாலக்காட்டுக் கணவாய் வெக்கையில் நாய் நாக்கைத் தொங்கப் போட்டால் கவலையில்லை. பூனை அப்படிச் செய்தால் "வெயில்தானே" என்று விடவே கூடாது.

இன்னொரு அடையாளம்: முழங்கையை வெளியே விரித்து, கழுத்தை நீட்டி, குந்தியபடியே இருக்கும். பக்கவாட்டில் சாய்ந்து படுக்காது.

பொள்ளாச்சி பூனைக்காரி

எடைக்கு நான் எல்லாரிடமும் சொல்வது: ஆளும் பூனையும் சேர்ந்து ஏறி நின்று கழிக்கிற தராசு ஆகாது. அதில் நூறு இருநூறு கிராம் முன்னே பின்னே போகும். மளிகைக்கடை எலக்ட்ரானிக் தராசில் கூடையோடு வைத்து, கூடை எடையைக் கழித்துவிடுங்கள். மாதம் ஒருமுறை, அதே தராசில். 4.2 கிலோ 3.8 ஆவது நமக்கு 400 கிராம்தான். அதன் உடம்பில் கிட்டத்தட்ட பத்தில் ஒன்று. நல்ல பசியோடு இளைத்தால் தைராய்டும் சர்க்கரையும் முன்னால் வரும், பசியில்லாமல் இளைத்தால் சிறுநீரகம். எனவே டி4 (தைராய்டுக்கு), கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கு), சர்க்கரை, சிறுநீர் இவற்றோடு நெஞ்சு எக்ஸ்ரேயையும் சேர்த்தே கேளுங்கள். ரத்தம் எல்லாம் நார்மல், ஆனால் இளைக்கிறது என்ற நிலையில்தான் இது பெரும்பாலும் தப்பிப்போகிறது.

படம்பிடிப்பவன்

எக்ஸ்ரே பற்றி நான் எழுதுகிறேன். ஒரே ஒரு படம் எடுத்து "லங்ஸ் கிளியர்" என்று எழுதித் தருவதை நம்ப வேண்டாம். மூன்று கோணம் வேண்டும்: வலப்பக்கம் படுத்து ஒன்று, இடப்பக்கம் படுத்து ஒன்று, மல்லாத்தி ஒன்று. பூனை எந்தப் பக்கம் படுக்கிறதோ அந்தப் பக்க நுரையீரல் அமுங்கிக் காற்று குறையும். காற்று இல்லாத நுரையீரலும் கட்டியும் படத்தில் ஒரே வெள்ளை. ஒன்றுக்குள் ஒன்று மறைந்துவிடும். மேலே இருக்கும் பக்கம் காற்று நிரம்பிக் கறுப்பாக இருப்பதால் அங்கே கட்டி துலங்கும். ஆகவே இடக்கட்டி தெரிய வலப்பக்கம் படுக்க வேண்டும், வலக்கட்டி தெரிய இடப்பக்கம். மூச்சை உள்ளே இழுத்து நிறைந்த கணத்தில் சுட வேண்டும். வெளியே விட்ட நேரத்தில் எடுத்தால் நுரையீரல் முழுவதும் மங்கி, இல்லாத நோய் இருப்பதுபோலவும் காட்டும்.

முன்னங்காலை நன்றாக முன்னால் இழுத்துப் பிடியுங்கள், இல்லாவிட்டால் தோள் சதை நுரையீரலின் முன்பக்க மடலை (பகுதியை) மூடும். ஐந்து மில்லிமீட்டருக்குக் கீழான முடிச்சு சாதா எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. சி.டி. ஸ்கேன் ஓரிரு மில்லிமீட்டரையும் காட்டிவிடும்.

வாளையார்க் காத்து

நம்ம ஊர் மாட்டாஸ்பத்திரியில் மூணு படம் கேட்டால் முறைக்கிறாங்க. ரெண்டு தான்னா எதுங்க?

படம்பிடிப்பவன்

மூச்சு சிரமம் இல்லாத பூனை என்றால் இரண்டு பக்கவாட்டும் எடுங்கள். முடிச்சு தேடுவதற்கு அதுதான் பலன்.

ஆனைமலை அடிவாரம்

இதில் எனக்குக் கொஞ்சம் மாறுபாடு. முடிச்சு மட்டும் தேடுகிறோம் என்றால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் வயதான பூனைக்கு மூச்சு வாங்கினால் இதயம்தான் முதல் சந்தேகம், புற்று அப்புறம். இதயத்தின் அகலம், நுரையீரலைச் சுற்றி இரண்டு பக்கமும் கட்டும் நீர் இவை பக்கவாட்டில் சரியாகப் பிடிபடாது. அப்போது ஒரு பக்கவாட்டும், குப்புற வைத்து எடுத்த ஒன்றும் போதும். குப்புற என்பதைக் கவனியுங்கள். மூச்சு திணறும் பூனையை மல்லாத்திப் பிடித்தால் மேசையிலேயே போய்விடும். நெஞ்சில் நீர் இருக்கிற பூனை குந்தி உட்கார்ந்த நிலையில்தான் தாக்குப்பிடிக்கும். முதலில் ஆக்சிஜன், லேசான மயக்கத்துக்கு பியூட்டார்ஃபனால் கிலோவுக்கு 0.2 மி.கி., பத்து நிமிடம் தொந்தரவு செய்யாமல் விடுவது. அப்புறம்தான் படம்.

நீர் இருந்தால் படம் எடுப்பதற்கு முன்னால் அதை எடுத்துவிடுங்கள் என்பது என் கட்சி. நீருக்குள் கட்டி மூழ்கியிருக்கும். எடுத்தபிறகு எடுக்கிற படமே பேசும். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கருவியை நெஞ்சில் வைத்தால் அரை நிமிடத்தில் நீர் இருப்பது தெரிந்துவிடும்.

நல்லேப்பிள்ளி

டாக்டர், நீர் எடுக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாக? கூட நின்று பிடிப்பவர்களுக்கும் பயன்படும்.

ஆனைமலை அடிவாரம்

குந்த வைத்தே எடுக்கலாம். ஏழாவது அல்லது எட்டாவது விலா இடைவெளி. நெஞ்சுக்கூட்டைக் கீழிருந்து மேலாக மூன்றாகப் பிரித்தால் கீழ் மூன்றில் ஒன்று முடியும் மட்டத்தில். மயிர் மழித்து, துடைத்து, 21 அல்லது 23 கேஜ் பட்டர்ஃபிளை ஊசி, மூன்று வழித் திருகு, 20 மில்லி சிரிஞ்ச். விலாவின் முன்விளிம்பை ஒட்டிக் குத்த வேண்டும். பின்விளிம்பில் ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகின்றன. குத்தினால் ரத்தம் கொட்டும். உள்ளே போனதும் ஊசியை விலாவுக்கு இணையாகச் சாய்த்துவிடுங்கள், முனை நுரையீரலைக் கீறாது. மெதுவாக இழுங்கள். நான்கு கிலோ பூனையிலிருந்து 150, 200 மில்லி வருவது சாதாரணம். பிடிப்பவர் வேலை முன்கால்களையும் தலையையும் அசையாமல் வைப்பது மட்டும்தான். நெஞ்சை அழுத்திப் பிடித்துவிடாதீர்கள்.

எடுத்த நீரில் கொஞ்சம் ஈ.டி.டி.ஏ. (உறையாமல் தடுக்கும் பொருள்) குழாயில் செல் பார்க்க, கொஞ்சம் வெறும் குழாயில் புரதம் பார்க்க, கொஞ்சம் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்க). பால் போல வெள்ளையாக இருந்தால் ட்ரைகிளிசரைடு (கொழுப்பு) பார்க்கச் சொல்லுங்கள். ரத்தத்தில் இருப்பதைவிட அதில் அதிகமாக இருந்தால் கைலஸ் நீர், அதாவது கொழுப்பைச் சுமக்கும் நிணநீர் கசிந்தது. நாற்றமடித்துச் சீழாக இருந்தால் பாதை வேறு, அது குணமாகக் கூடியது. எத்தனை மில்லி, எந்தத் தேதி என்று எழுதி வையுங்கள். இரண்டு முறைக்கு இடையில் உள்ள நாள் குறைந்துகொண்டே வருகிறதா என்பதுதான் பின்னால் எல்லா முடிவுக்கும் அளவுகோல்.

சித்தூர் மல்லி

லேப் பக்கத்திலிருந்து ஒரு எச்சரிக்கை. நெஞ்சுநீரில் புற்றுச்செல் தெரியவில்லை என்றால் புற்று இல்லை என்று அர்த்தமில்லை. கட்டி செல்லை உதிர்க்காமல் இருக்கும். இதன் மறுபக்கமும் உண்டு. நீர் நாள்பட நின்றால் நெஞ்சுறையின் சொந்தச் செல்களே பெருத்து, கொத்துக்கொத்தாக, கரு பெரிதாகி, பார்ப்பதற்கு அசல் கார்சினோமா போலவே இருக்கும். அனுபவம் குறைந்த கண் இங்கே வழுக்கும். "சந்தேகம்" என்று எழுதிவந்தால் அதை "உறுதி" என்று படிக்காதீர்கள். நெஞ்சுச் சுவரை ஒட்டிய கட்டி என்றால் ஸ்கேன் பார்த்தபடியே 22 அல்லது 25 கேஜ் ஊசியில் மாதிரி எடுக்கலாம். நடுவில் காற்றுள்ள நுரையீரல் குறுக்கிட்டால் ஸ்கேனில் கட்டியே தெரியாது, குத்தினால் காற்று கசியும் ஆபத்தும் கூடுதல். எடுத்தபின் சில மணி நேரமாவது ஆஸ்பத்திரியிலேயே வைத்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

வாளையார்க் காத்து

ஆஸ்துமான்னு சொல்லி டெக்ஸா (ஸ்டீராய்டு ஊசி) போட்டா ரெண்டு நாள்ல தெளியுதே. அதை வெச்சே ஆஸ்துமான்னு முடிவு பண்ணலாமில்ல?

ஆனைமலை அடிவாரம்

அதைத்தான் பண்ணக்கூடாதுங்க. ஸ்டீராய்டு போட்டால் கட்டியைச் சுற்றிய வீக்கம் வடிந்து புற்றுள்ள பூனையும் நாலு நாள் தெளியும், பசிக்கும். லிம்ஃபோமா (நிணநீர்ச் செல் புற்று) என்றால் கட்டியே சுருங்கி, அப்புறம் எடுக்கிற மாதிரியில் ஒன்றும் அகப்படாது. உள்ளே இதயநோய் மறைந்திருந்தால் ஸ்டீராய்டு அதைக் கிளப்பிவிடும், சர்க்கரையையும் ஏற்றும். ஆஸ்துமா பெரும்பாலும் இளவயதிலோ நடுவயதிலோ தொடங்கும். பன்னிரண்டு வயதில் முதல்முறையாக இழுப்பு வந்தால் படம் இல்லாமல் ஊசி வேண்டாம். ஆஸ்துமா படத்தில் மூச்சுக்குழாய்ச் சுவர் தடித்து, குறுக்கே பார்த்தால் வளையமாகவும் நெடுக்கே பார்த்தால் இணைகோடாகவும் தெரியும். கட்டி தனி உருண்டையாக, பெரும்பாலும் பின்மடலில்.

நல்லேப்பிள்ளி

நம் பக்கத்துக்கு இன்னும் இரண்டு சேர்க்க வேண்டும். வயலோரப் பூனைகள் பல்லி, ஓணான், நத்தை தின்னும். நுரையீரல் புழு அந்த வழியாக வருகிறது. படத்தில் சிறு சிறு முடிச்சுகளாகத் தெரிந்து பரவிய புற்று என்று பயமுறுத்தும். சாதா மலப் பரிசோதனையில் முட்டை பார்த்தால் அகப்படாது, உயிருள்ள குட்டிப்புழுவைப் பிடிக்கும் பேயர்மன் முறை வேண்டும். புது மலத்தைத் துணியில் கட்டி, புனலில் வெதுவெதுப்பான நீரில் ஒரு இரவு ஊறப்போட்டு அடியில் சேர்வதைப் பார்ப்பது. தினமும் வெளிவராது என்பதால் மூன்று நாள் மலம். ஃபிரிட்ஜில் வைத்துக் கொண்டுபோனால் புழு நகராது, பரிசோதனை பொய்யாகும்.

இரண்டாவது, மலையடிவார ஓடைகளில் நண்டு பிடித்துத் தின்னும் பூனை. நன்னீர் நண்டு வழியாக நுரையீரல் தட்டைப்புழு வரும். அது நுரையீரலில் பை பையாகக் கட்டியிருக்கும். படத்தில் குழிவிழுந்த கட்டி என்று எழுதிவிடுவார்கள். பிராசிகுவான்டெல் என்ற புழு மருந்துக்குக் கேட்கும். கட்டி என்று தலையில் கைவைப்பதற்கு முன்னால் இந்த இரண்டையும் கழித்துவிடுங்கள், செலவும் குறைவு.

படம்பிடிப்பவன்

காசநோய், பூஞ்சை இரண்டையும் மறக்க வேண்டாம்.

கல்பாத்திக்கரை

இனி தலைப்பில் உள்ள நொண்டல். பூனையின் நுரையீரல் புற்றுக்கு விரலுக்குப் பரவும் வினோத குணம் உண்டு. நாய்க்கு இது மிக அரிது. விரல் வீங்கும், நகம் கோணும், நகக்கண்ணிலிருந்து சீழ் வரும், நகம் உள்ளே இழுக்காமல் வெளியே நிற்கும். தரையில் ஊன்றும் விரல்களில்தான் மிகுதி. ஊன்றாத பெருவிரல் பெரும்பாலும் தப்பிவிடும். ஒன்றுக்கு மேற்பட்ட காலில், ஒன்றுக்கு மேற்பட்ட விரலில் வந்தால் நகச்சுற்று என்ற எண்ணத்தையே விட்டுவிடுங்கள். இதில் ஏமாற்று என்னவென்றால், இந்தக் கட்டத்திலும் மூச்சு சரியாக இருக்கும். வீட்டார் கண்ணுக்கு நோய் காலில்தான்.

ஏன் விரல்? இந்தப் புற்று ரத்தக்குழாய்க்குள் நுழைந்து துணுக்குகளாக ரத்தத்தோடு போகும் இயல்புள்ளது. உடல் சூட்டைத் தணிக்கப் பூனையின் பாதத்துக்கு ரத்தம் ஏராளமாகப் போகிறது. இரண்டும் சேர்ந்து துணுக்கு அங்கே தங்குகிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். சதை, தோல், கண் ஆகியவற்றுக்கும் போகும். திடீரென்று ஒரு கண் பார்வை போவதும் இதனால் இருக்கலாம். பெரிய துணுக்கு பின்னங்கால் தமனியை அடைத்தால் கால் சில்லிட்டு இழுத்துப்போகும். இதயநோயிலும் அதே மாதிரி வரும் என்பதால் குழப்பம்.

படம்பிடிப்பவன்

அந்தப் பாதத்தைப் படம் எடுத்தால் விரலின் கடைசி எலும்பு அரித்துப்போயிருக்கும். மூட்டைத் தாண்டி அடுத்த எலும்புக்கும் போயிருக்கும். நாட்பட்ட நகச்சுற்றிலும் எலும்பு அரிக்கும், ஆகவே படம் மட்டும் தீர்ப்பல்ல. என் கோரிக்கை ஒன்றுதான்: பத்து வயதுக்கு மேற்பட்ட பூனையின் விரலை வெட்டுவதற்கு முன்னால் அதே மேசையில் நெஞ்சையும் எடுத்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

சித்தூர் மல்லி

வெட்டிய விரலை எலும்போடு ஃபார்மலினில் (மாதிரி கெடாமல் வைக்கும் திரவம்) அனுப்புங்கள், தோலை மட்டும் கிள்ளி அனுப்பினால் வெறும் சீழ் என்று விடை வரும். மாதிரியைப் போல் பத்து மடங்கு ஃபார்மலின். எலும்பைக் கரைத்து வெட்டுவதற்கு நாள் பிடிக்கும், ரிப்போர்ட் தாமதம் என்று திட்டாதீர்கள். மயிரிழை போன்ற சிலியா உள்ள செல், கோழை சுரக்கும் செல் விரலில் தென்பட்டால் அது விரலில் பிறந்ததல்ல, மூச்சுக்குழாயில் பிறந்தது. செதில்செல் புற்று என்று மட்டும் வந்தால் விரலிலேயே தோன்றியதாகவும் இருக்கலாம். அப்போது நெஞ்சுப் படம்தான் பிரித்துச் சொல்லும்.

வாளையார்க் காத்து

விரலை எடுத்துட்டா கொஞ்ச நாளாவது நிம்மதியா நடக்காதா?

கல்பாத்திக்கரை

பெரும்பாலும் இல்லை. வெட்டிய புண் ஆறுவதற்குள் அடுத்த விரல் வீங்கும். இந்த நிலையில் வரும் பூனைகளுக்குப் பெரும்பாலும் இரண்டு மாதம்தான். அதில் இரண்டு வாரத்தைக் கட்டோடு கழிப்பானேன்? ஒரே விரல், வலி தாங்கவில்லை, மருந்துக்கும் அடங்கவில்லை என்றால் மட்டும் யோசிக்கலாம்.

நல்லேப்பிள்ளி

அறுவை செய்து பிழைக்க வாய்ப்புள்ளவை எவை என்றும் சொல்லுங்கள் டாக்டர். எல்லாமே போச்சு என்று படித்தால் ஆட்கள் பரிசோதனைக்கே வரமாட்டார்கள்.

ஆனைமலை அடிவாரம்

ஒரே கட்டி, ஒரு மடலுக்குள், நெஞ்சில் நீர் இல்லை, நிணநீர் முடிச்சு பெருக்கவில்லை, விரலில் ஒன்றுமில்லை. இப்படி இருந்தால் அந்த மடலையே எடுத்துவிடுவதுதான் மருத்துவம். 1979க்கும் 1994க்கும் இடையில் அறுவை நடந்த 21 பூனைகளைப் பற்றிய அமெரிக்க ஆய்வு 1998இல் வந்தது. அதில் செல் ஓரளவு முதிர்ச்சியோடு இருந்த கட்டிகளில் இடைநிலை ஆயுள் 698 நாள். முதிர்ச்சியற்ற கட்டிகளில் 75 நாள். ஒரே அறுவை, ஒன்பது மடங்குக்கு மேல் வித்தியாசம். செல்லின் தரம் முன்கூட்டித் தெரிவது கடினம், எடுத்தபிறகுதான் உறுதியாகும். அதனால்தான் அறுவைக்கு முன் சி.டி. எடுத்து இரண்டாவது முடிச்சு இல்லை என்று பார்த்துக்கொள்கிறோம். நான்காவதிலிருந்து ஆறாவது விலா இடைவெளிக்குள் நெஞ்சைத் திறப்பார்கள். மூச்சுக்குழல் கிளையருகே உள்ள நிணநீர் முடிச்சையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். நெஞ்சுக்குள் வைக்கும் குழாய் ஓரிரு நாள் இருக்கும். வயதான பூனை என்பதால் முந்தைய வாரமே எக்கோ (இதய ஸ்கேன்), சிறுநீரகம், ரத்த அழுத்தம் பார்த்திருக்க வேண்டும்.

இடம் பற்றி: பாலக்காட்டிலிருந்து மேற்கே மண்ணுத்தி கால்நடைக் கல்லூரி, குதிரான் சுரங்கப்பாதை வந்தபிறகு பயணம் எளிது. கிழக்கே உடுமலைப்பேட்டை, நாமக்கல் கல்லூரிகள். சி.டி.யோ நெஞ்சறுவையோ அந்த வாரம் நடக்கிறதா என்று போன் போட்டுக் கேட்டுவிட்டே வண்டியை எடுங்கள். அதிகாலையில் கிளம்புங்கள். கூடையை ஈரத்துணியால் மூடாதீர்கள், காற்று அடைபடும்.

கீமோ: கார்போபிளாட்டின் என்ற மருந்தை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடுவதுண்டு. பலன் நிச்சயமில்லை. மூன்றாவது வாரத்தையொட்டி வெள்ளணு இறங்கும், அப்போது காய்ச்சல் வந்தால் காத்திருக்கக் கூடாது. சிஸ்பிளாட்டின், 5-எஃப்.யூ. இரண்டும் பூனைக்கு எமன். முதலாவது நுரையீரலில் நீர் கோத்துக் கொல்லும், இரண்டாவது மூளையைத் தாக்கும். நாய்க்கான நெறிமுறையைப் பார்த்து யாரும் பூனைக்கு எழுதிவிடாமல் வீட்டாரும் பெயரைத் தெரிந்துவைத்திருங்கள்.

பொள்ளாச்சி பூனைக்காரி

வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்குச் சில.

வலிக்கு மனுஷ மாத்திரை எதுவும் வேண்டாம். பாரசிட்டமால் கிலோவுக்குப் பத்து மி.கி. கூடப் பூனைக்கு விஷம். நாலு கிலோ பூனைக்கு 500 மி.கி. மாத்திரை அதைப்போல் பன்னிரண்டு மடங்கு. ரத்தம் காப்பி நிறமாகி, ஈறு சாம்பல் பூத்து, முகம் வீங்கும். தப்பிக் கொடுத்துவிட்டால் அசெட்டைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்து உள்ள இடத்துக்கு ஓடுங்கள். மெலாக்சிகாம் என்ற வலி மருந்தை டாக்டர் எழுதினால் பூனை அளவு கிலோவுக்கு 0.05 மி.கி., அதாவது நாலு கிலோவுக்கு 0.2 மி.கி. மெடிக்கல் ஷாப் மாத்திரை 7.5 மி.கி. ஒடித்துக் கொடுத்தாலும் சரிவராது. நாய்க்கான சொட்டு மருந்து மில்லிக்கு 1.5 மி.கி., பூனைக்கானது 0.5 மி.கி. பாட்டில் மாறினால் மூன்று மடங்கு போய்விடும். ஸ்டீராய்டு ஓடும்போது மெலாக்சிகாம் கூடவே கூடாது.

நீலகிரித் தைலம், கற்பூரம், ஆவி பிடிக்கும் களிம்பு எதையும் மார்பில் தடவாதீர்கள். நக்கித் தின்னும், பூனையின் ஈரலுக்கு அவற்றை வெளியேற்றத் தெரியாது. கொசுவத்தியும் சாம்பிராணியும் அந்த அறையில் வேண்டாம்.

சாப்பாடு: மோப்பம் வந்தால்தான் தின்னும். மத்தியை உப்பு, வெங்காயம், பூண்டு இல்லாமல் வேகவைத்து, முள் எடுத்து, உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்து வையுங்கள். தட்டை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி வையுங்கள், குனிந்து தின்றால் மூச்சு முட்டும். இரண்டு மூன்று நாள் முழுப்பட்டினி போட்டால் ஈரலில் கொழுப்பு ஏறி அதுவே தனி நோயாகும், குண்டுப் பூனைக்குச் சீக்கிரம். பசிக்கு மிர்டசாபின் இருக்கிறது, இரண்டு நாளைக்கு ஒருமுறை, மிகச் சிறு அளவு. டாக்டர் அளவைத் தாண்டினால் இரவெல்லாம் கத்திக்கொண்டு சுற்றும். திணறும் பூனைக்குச் சிரிஞ்சில் ஊட்டாதீர்கள்.

வாளையார்க் காத்து

பீடி சிகரெட் புகையால வருதாங்க?

சித்தூர் மல்லி

நுரையீரல் புற்றுக்கு நேரடித் தொடர்பு பூனையில் உறுதியாகவில்லை. லிம்ஃபோமாவுக்கு உண்டு: 2002இல் வெளியான ஆய்வில் புகைக்கும் வீட்டுப் பூனைகளுக்கு அபாயம் 2.4 மடங்கு, ஐந்தாண்டுக்கு மேல் புகையில் இருந்தவற்றுக்கு 3.2 மடங்கு. மூக்கில் போவதோடு மயிரில் படிவதை நக்கியும் விழுங்குகிறது. நுரையீரலுக்கு என்று இல்லாவிட்டாலும் வெளியே போய்ப் பிடிக்கச் சொல்லக் காரணம் போதும்.

நல்லேப்பிள்ளி

கருணைக்கொலை எப்போது என்று கேட்டுத் தனிச்செய்தி வருகிறது.

ஆனைமலை அடிவாரம்

நீர் எடுத்தால் பத்து நாள் தாங்கியது மூன்று நாளாகும்போது. தூங்கப் படுக்க முடியாமல் குந்தியே இரவைக் கழிக்கும்போது. வாய் திறந்து மூச்சு விடும் கட்டத்துக்கு விடாதீர்கள், மூச்சுமுட்டிச் சாவது கொடுமை. வீட்டுக்கே வரும் டாக்டர் என்றால் முதலில் தசையில் மயக்க ஊசி, நன்றாக உறங்கியபிறகே அடுத்தது. விழித்திருக்கும் பூனைக்கு நேராக நெஞ்சில் குத்துவதை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வாளையார்க் காத்து

கடைசியா ஒரு சந்தேகம். ஊசியில எடுத்த மாதிரியைத் தேய்ச்ச கண்ணாடி ஸ்லைடை வாளையாரிலிருந்து கொரியரில் அனுப்பலாமா, ஐஸ் வெக்கணுமா?

சித்தூர் மல்லி

ஐஸ் வேண்டாம், ஈரம் வேர்த்துச் செல் வெடிக்கும். காற்றில் நன்றாகக் காயவிட்டு, பென்சிலால் ஓரத்தில் எழுதி, ஸ்லைடு பெட்டியில் போடுங்கள். பேனா மை சாயம் ஏற்றும்போது கரைந்துவிடும். முக்கியமாக ஃபார்மலின் பாட்டிலை அதே பையில் வைக்காதீர்கள். மூடியிருந்தாலும் ஆவி கசிந்து ஸ்லைடில் சாயம் பிடிக்காமல் செய்துவிடும். இரண்டும் அனுப்புவதென்றால் இரண்டு தனிக் கொரியர். நெஞ்சுநீர்க் குழாய்க்கு மட்டும் குளிர் வேண்டும். அதோடு உடனே தேய்த்துக் காயவைத்த இரண்டு ஸ்லைடும் அனுப்புங்கள், குழாய் வழியில் கெட்டாலும் அவை நிற்கும்.